இரண்டு டொலர் வீடியோப் பங்கு: எடுக்கலாமா, விடலாமா?

நிறுவனங்களுக்கு வீடியோத் தளம் நடத்திக் கொடுக்கும் கல்ட்டூரா 2021 ஜூலையில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் 10 டொலருக்குப் பட்டியலானது. 2025 பிறக்கும்போது 2 டொலர் அளவில் கிடந்தது. கமரா செய்யும் கோப்ரோ 2014 ஜூனில் 24 டொலருக்கு வந்தது, அதே ஆண்டில் 80 டொலரைத் தாண்டியது, 2025 இல் ஒரு டொலருக்கும் கீழே விழுந்தது. இரண்டும் வீடியோவை நம்பிப் பிழைக்கும் கம்பனிகள். ஊரே கைத்தொலைபேசியில் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறது, வீடியோக் கம்பனியின் பங்கு மட்டும் ஏன் இப்படிக் கிடக்கிறது? இதில் ஏதாவது உண்மையிலேயே மலிவா?

கேட்டது அக்காவின் மகன். கொழும்பில் தெமட்டகொடைப் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. சம்பளத்தில் ஒரு பகுதி டொலரில் வருகிறது. "மாமா, ஒரு ஐயாயிரம் டொலர் இருக்கு. அஞ்சு வருசத்துக்குத் தொடத் தேவையில்லை. வீடியோப் பங்கு ஒண்டு எடுப்பமோ?" என்றான். அவனுடைய பட்டியலில் கல்ட்டூரா, கோப்ரோ, ஹார்மோனிக் மூன்றும் இருந்தன. நான்காவதாக நம்மூர்த் தொலைபேசிக் கம்பனியான டயலொக்கை நான் சேர்த்தேன். ஒன்றையும் வாங்காமல் டொலரை வங்கியிலேயே விடுவது ஐந்தாவது தெரிவு. அதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை, ஆனால் மற்ற நான்கும் அதோடுதான் போட்டி போட வேண்டும்.

பங்கின் பழைய உச்ச விலையை முதலில் மறந்துவிட வேண்டும். 10 டொலர் என்பது 2021 இல், வட்டி பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருந்தபோது, கோவிட் காலத்து விற்பனையைப் பார்த்து வைத்த விலை. இன்றைய கணக்குக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. இலாபத்தை வைத்து அளப்போம் என்றாலும் முடியாது. இந்தச் சிறிய கம்பனிகளில் பாதிக்கு இலாபமே இல்லை. அதனால் நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இந்தக் கம்பனியை முழுசாக யாராவது வாங்க வந்தால் எவ்வளவு கொடுப்பார்? ஒருவரும் வராவிட்டால், கையிலிருக்கும் காசு எத்தனை வருடம் தாங்கும்?

இப்படிக் கேட்பதற்குக் காரணம் இந்தத் துறையின் வரலாறு. சிறிய வீடியோக் கம்பனிகள் தனியாக நின்று பெரிய கம்பனியாக வளர்ந்தது அபூர்வம். பெரும்பாலும் விற்கப்பட்டன, இல்லாவிட்டால் மெல்ல மெல்லக் கரைந்தன.

டிவ்எக்ஸ் என்ற பெயர் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். புறக்கோட்டையில் வாங்கிய டிவிடி பிளேயர்களின் முகப்பில் அந்த முத்திரை இருக்கும். ஒரே சீடியில் ஒரு முழுப் படத்தை அடக்கியது அந்தத் தொழில்நுட்பம்தான். நாம் பார்த்த படத்துக்கு யாரும் காசு கட்டவில்லை, அது வேறு கதை. ஆனால் பிளேயர் தயாரித்தவர்கள் டிவ்எக்ஸுக்கு உரிமைக் கட்டணம் கட்டினார்கள். 2006 இல் 16 டொலருக்குப் பட்டியலான அந்தக் கம்பனியை 2010 இல் சோனிக் சொலூஷன்ஸ் ஏறத்தாழ 323 மில்லியன் டொலருக்கு, காசும் பங்குமாகக் கொடுத்து, வாங்கியது. பட்டியலான அன்று வாங்கியவருக்கு அது நட்டம். விலை விழுந்து கிடந்த நேரத்தில் வாங்கியவருக்கு இலாபம்.

பிரைட்கோவ் இன்னும் தெளிவான உதாரணம். கம்பனிகளின் வீடியோக்களை இணையத்தில் ஏற்றி ஓடவிடும் தளம் அது. 2012 பெப்ரவரியில் 11 டொலருக்கு வந்தது. இத்தாலியின் மிலான் நகரத்துப் பெண்டிங் ஸ்பூன்ஸ் 2024 நவம்பரில் அதை வாங்க ஒப்பந்தம் செய்தபோது கொடுத்தது பங்குக்கு 4.45 டொலர், மொத்தம் ஏறத்தாழ 233 மில்லியன். 2023 இல் பிரைட்கோவின் வருமானம் 201 மில்லியன். அதாவது ஒரு வருட விற்பனையைவிடக் கொஞ்சம் கூட, 1.16 மடங்கு. அதே பெண்டிங் ஸ்பூன்ஸ் 2025 செப்டெம்பரில் விமியோவுக்குப் பேசிய விலை பங்குக்கு 7.85 டொலர், மொத்தம் 1.38 பில்லியன். விமியோவின் 2024 வருமானம் 417 மில்லியன்; ஆகவே 3.3 மடங்கு. ஏன் இவ்வளவு வித்தியாசம்? விமியோவிடம் கையில் நிறையக் காசு இருந்தது, இலாபமும் வந்துகொண்டிருந்தது, பெயரும் எல்லோருக்கும் தெரிந்த பெயர். பிரைட்கோவில் விற்பனை வளரவில்லை.

விற்கப்படாமல் போனவற்றையும் பார்க்க வேண்டும், அவைதான் பாடம். கேபிள் தொலைக்காட்சிக்குக் கேட்ட நேரத்தில் படம் போடும் அமைப்பைச் செய்து பேரெடுத்த சீசேஞ்ச் 1993 இல் தொடங்கிய கம்பனி. பிற்காலத்தில் அதன் கையில் காசு இருந்தது, பங்கு விலை கீழே கிடந்தது, "காசுக்கு வாங்கினால் கம்பனி இலவசம்" என்று சொல்லி வாங்கியவர்கள் பலர். குறுவீடியோச் செயலியான ட்ரில்லருடன் பேசிய இணைப்பு 2022 ஜூனில் முறிந்தது. 2023 இல் நாஸ்டாக்கிலிருந்தே தானாக வெளியேறியது. வருமானம் சுருங்கும் கம்பனியின் கையில் இருக்கும் காசு பங்குகாரரின் காசு அல்ல, அடுத்த வருடச் சம்பளப் பட்டியல்.

எட்ஜியோவுக்கு இன்னும் மோசம். வீடியோவை உலகமெங்கும் விநியோகிக்கும் வலையமைப்பான லைம்லைட், 2022 இல் எட்ஜ்காஸ்டுடன் சேர்ந்து எட்ஜியோ ஆனது. லைம்லைட் 2020 இல் எடுத்த 125 மில்லியன் டொலர் கடன் (பின்னர் பங்காக மாற்றக்கூடிய வகை) தலைமேல் இருந்தது. விநியோகக் கட்டணமோ வருடா வருடம் குறைந்துகொண்டே போனது. 2024 செப்டெம்பரில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டது. வாடிக்கையாளர் ஒப்பந்தங்கள் சிலவற்றை அதே தொழிலிலுள்ள அகமாய் என்ற கம்பனி வாங்கிக்கொண்டது. பங்குகாரருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. எட்ஜியோவும் ஒரு காலத்தில் "விற்பனையோடு ஒப்பிட்டால் அநியாய மலிவு" என்று சொல்லப்பட்ட பங்குதான்.

வீடியோ பெருகப் பெருக இந்தக் கம்பனிகள் ஏன் பணக்காரர் ஆகவில்லை? வீடியோவைச் சுருக்கும் நுட்பம் பொதுச்சொத்துப் போல் ஆகிவிட்டது. எச்.264 என்ற தரம் 2003 இல் வந்தது, அதன் வாரிசு எச்.265 2013 இல் வந்தது. இரண்டுக்கும் உரிமைக் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணச் சிக்கலில் சலித்துத்தான் கூகிள், நெட்ஃபிளிக்ஸ், அமேசன், மைக்ரோசொஃப்ட் போன்றவை 2015 இல் ஒன்றுகூடின. 2018 இல் கட்டணமில்லாத ஏவி1 தரத்தை வெளியிட்டன. பெரியவர்கள் இலவசமாகக் கொடுக்கும் இடத்தில் சின்னவன் கடை போட்டு எவ்வளவு விற்க முடியும்? அதனால் சின்னக் கம்பனி பிழைக்க வேண்டுமானால் வீடியோவைச் சுற்றியுள்ள வேலையைச் செய்ய வேண்டும்: பல்கலைக்கழகத்தின் பாடத்தொகுப்போடு இணைப்பது, வங்கியின் உள்ளகக் கூட்டத்தைப் பாதுகாப்பாக நடத்துவது, கேபிள் கம்பனியின் பெட்டிகளை மென்பொருளாக மாற்றுவது.

இன்னொரு ஆபத்து, ஒரே வாடிக்கையாளரை நம்பி இருப்பது. அம்பரெல்லா என்ற சிப் கம்பனி 2012 ஒக்டோபரில் 6 டொலருக்குப் பட்டியலானது. கோப்ரோ கமராக்களுக்குள் இருந்தது அதன் சிப். கோப்ரோ ஏறியபோது இதுவும் ஏறி 2015 இல் 100 டொலரைத் தாண்டியது. 2017 இல் கோப்ரோ தன் ஹீரோ6 கமராவுக்குத் தனக்கென ஒரு சிப்பைச் செய்துகொண்டது. அம்பரெல்லா பிழைத்தது, ஆனால் வீடியோவை விட்டு, கமரா பார்ப்பதைப் புரிந்துகொள்ளும் சிப்புக்கு மாறியதால்தான் பிழைத்தது. அமெரிக்க ஆண்டறிக்கைகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கொடுக்கும் வாடிக்கையாளர் இருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். 10-கே எனப்படும் அந்த அறிக்கையில் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான். இலாப நட்டக் கணக்கு அப்புறம்.

இனி நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். கல்ட்டூராவுக்கு அதிக நேரம் கொடுக்கிறேன், ஏனென்றால் மலிவு என்று வாதிடக்கூடிய ஒன்று இதுதான்.

கல்ட்டூரா 2006 இல் தொடங்கியது. தலைமையகம் நியூயோர்க், வேர் இஸ்ரேலில். பல்கலைக்கழகங்களின் விரிவுரை வீடியோக்கள், பெரிய நிறுவனங்களின் பயிற்சிக் காட்சிகள், இணையவழி மாநாடுகள் இவைதான் பிரதான தொழில். தொலைக்காட்சி மற்றும் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கான பிரிவு சிறியது. கோவிட் வந்தபோது நம்முடைய பல்கலைக்கழகங்கள் லேர்ன் வலையமைப்பு ஊடாக சூமுக்குப் போனது நினைவிருக்கும். அதே அவசரம் உலகம் முழுக்க இருந்ததால் கல்ட்டூராவின் வருமானம் 2020 இல் 120 மில்லியனாக இருந்தது 2021 இல் 165 மில்லியன் ஆனது. அந்த வேகத்தைப் பார்த்துத்தான் 10 டொலர் விலை வந்தது. அதன் பிறகு? 2022 இல் 169, 2023 இல் 175, 2024 இல் 179 மில்லியன். வளர்ச்சி என்று சொல்லலாம், ஆனால் அமெரிக்கப் பணவீக்கத்தைக் கழித்தால் ஒன்றும் இல்லை.

ஆனால் நட்டத்தைப் பாருங்கள். 2022 இல் 68.5 மில்லியன், 2023 இல் 46.4, 2024 இல் 31.3. வருடா வருடம் சுருங்குகிறது. செயற்பாட்டுக் காசுப் பாய்ச்சல், அதாவது தொழிலிலிருந்து உள்ளே வரும் காசில் வெளியே போவதைக் கழித்தது, 2024 இல் நேர்ப் பக்கம் வந்துவிட்டது. 2024 முடிவில் கையில் இருந்த காசும் முதலீடும் கடனைவிடக் கூட. சீசேஞ்சின் நோயும் எட்ஜியோவின் நோயும் இதற்கு இல்லை. விற்பனை சுருங்கவில்லை, கடன் கழுத்தை நெரிக்கவில்லை. வருமானத்தில் பெரும்பகுதி சந்தா என்பதும் நல்லது. ஒரு பல்கலைக்கழகம் தன் பத்து வருட விரிவுரைகளை ஒரு தளத்தில் ஏற்றிவிட்டால் அதை வேறு தளத்துக்கு மாற்றுவது பெரிய தலையிடி. விலை கொஞ்சம் கூடினாலும் புதுப்பிக்கத்தான் செய்வார்கள்.

குறை எங்கே? போட்டி. பனோப்டோ நேரடிப் போட்டியாளர். சூம், மைக்ரோசொஃப்ட் டீம்ஸ் இரண்டும் பாதி வேலையை வேறொரு சேவையோடு சேர்த்தே கொடுத்துவிடுகின்றன. அடுத்த குறை ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுக்கும் ஊதியம். இது காசாக வெளியே போகாததால் "சரிசெய்யப்பட்ட இலாபம்" என்று கம்பனி காட்டும் எண்ணில் வராது. ஆனால் ஒவ்வொரு வருடமும் பங்குகளின் எண்ணிக்கை கூடுகிறது. உங்கள் கையில் இருக்கும் பங்கு அந்த அளவுக்குச் சிறுக்கிறது. எந்தத் தொழில்நுட்பக் கம்பனியின் அறிக்கையைப் பார்த்தாலும் "சரிசெய்யப்பட்ட" என்று தொடங்கும் வரியைத் தள்ளிவைத்துவிட்டு, சாதாரண நட்டத்தையும் பங்கு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, விலை எவ்வளவு நியாயம்? பங்குகள் ஏறத்தாழ 150 மில்லியன் என்று எடுங்கள். பிரைட்கோவுக்குக் கிடைத்த 1.16 மடங்கை 2024 வருமானமான 178.7 மில்லியனுக்குப் போட்டால் 207 மில்லியன், பங்குக்கு 1.38 டொலர். விமியோவுக்குக் கிடைத்த 3.3 மடங்கைப் போட்டால் 590 மில்லியன், பங்குக்கு 3.90 அளவில். ஆக, முழுக் கம்பனியை வாங்க வருபவர் கொடுக்கக்கூடிய எல்லை 1.40 இலிருந்து 3.90 வரை. கல்ட்டூரா இதில் எந்தப் பக்கம்? இலாபம் இல்லை, பொதுமக்களுக்குத் தெரிந்த பெயர் இல்லை, வளர்ச்சி மந்தம். என் கணிப்பில் கீழ் முனைக்குப் பக்கம். அதனால் 2 டொலருக்கு வாங்குவது நியாய விலை, மலிவு அல்ல. 1.40 அல்லது அதற்குக் கீழே கிடைத்தால்தான் மலிவு என்ற பேச்சே. வாங்க ஆள் வருவார்களா என்ற கேள்விக்குக் கொஞ்சம் சாட்சி உண்டு: 2022 இல் பனோப்டோ கேட்டு வந்தது, அது முடிவுக்கு வரவில்லை. கேட்டு வந்தார்கள் என்பது முக்கியம்.

இதைப் படிக்கும்போது புதிய காலாண்டறிக்கை வந்திருக்கும்; வருமானம், பங்கு எண்ணிக்கை இரண்டையும் அதிலிருந்து எடுத்து இதே கணக்கைத் திரும்பப் போடுங்கள். இரண்டு பெருக்கல், இரண்டு வகுத்தல், அவ்வளவுதான்.

கோப்ரோ பார்க்கக் கவர்ச்சியானது. ஹிக்கடுவையில் அலைச்சறுக்கு ஆடுபவனிலிருந்து மோட்டார் சைக்கிளில் எல்லவுக்குப் போகிறவன் வரை எல்லோருக்கும் தெரிந்த பெயர். 2015 இல் 1.6 பில்லியன் டொலர் விற்ற கம்பனி 2024 இல் 801 மில்லியனுக்கு இறங்கியது, அந்த வருட நட்டம் 432 மில்லியன். இந்த நட்டத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் கொஞ்சம் தவறாகவே பயப்படுகிறார்கள். அதில் பெரும்பகுதி எதிர்கால வரிச் சலுகையாகப் புத்தகத்தில் வைத்திருந்ததை அழித்ததால் வந்தது. காசு வெளியே போகவில்லை. ஆனால் ஏன் அழித்தார்கள் என்பதைத்தான் யோசிக்க வேண்டும். அந்தச் சலுகையைப் பயன்படுத்த எதிர்காலத்தில் இலாபம் வேண்டும். அப்படி இலாபம் வரும் என்று இனிமேல் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதைக் கணக்காளர் ஒரே வரியில் ஒத்துக்கொண்டார்கள். நிர்வாகத்தின் பேச்சுகளைவிட அந்த வரி நேர்மையானது.

கோப்ரோவுக்குள் ஒரு நல்ல தொழிலும் ஒளிந்திருக்கிறது. 2024 முடிவில் 2.5 மில்லியன் சந்தாதாரர்கள், வருடம் நூறு மில்லியனுக்குச் சற்று மேலான சந்தா வருமானம், அதில் செலவு குறைவு. கமரா வியாபாரத்தை மூடிவிட்டுச் சந்தாவை மட்டும் வைத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். புதுக் கமரா விற்காவிட்டால் புதுச் சந்தா எங்கிருந்து வரும்? கமரா சந்தையில் டிஜேஐயும், 2025 இல் ஷங்ஹாயில் பட்டியலான இன்ஸ்டா360 உம் இழுத்துக்கொண்டு போகின்றன. அடுத்தது, என் அளவுகோலின்படி முழுக் கம்பனியையும் வாங்க வருபவர் நிறுவனர் நிக் வுட்மனைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் கையிலுள்ள வகைப் பங்குக்கு ஒன்றுக்குப் பத்து வாக்கு. 2025 ஜூலையில் சமூக ஊடகக் கூட்டம் இந்தப் பங்கை ஏற்றி விளையாடியது. அந்த ஏற்றத்தில் காசு பார்த்தவர்கள் இருக்கலாம், ஆனால் அது கம்பனியின் பெறுமதியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஒரு டொலருக்குக் கீழே முப்பது வேலை நாட்கள் தொடர்ந்து கிடந்தால் நாஸ்டாக் எச்சரிக்கை அனுப்பும், 180 நாள் அவகாசம் கொடுக்கும். பத்துப் பங்கை ஒன்றாக்கிக் கணக்கை நேராக்குவது வழக்கமான தப்பும் வழி. அதில் உங்கள் முதலீடு கூடுவதில்லை, எண்ணிக்கைதான் குறையும். கோப்ரோவை நான் விட்டுவிடச் சொன்னேன்.

ஹார்மோனிக்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1988 இல் தொடங்கி வீடியோக் குறியேற்றக் கருவிகளில் பேரெடுத்த கம்பனி, நல்ல தொழில்நுட்பம், இலாபமும் பார்த்திருக்கிறது. ஆனால் 2024 ஆண்டறிக்கையைத் திறந்தால் 679 மில்லியன் வருமானத்தில் எழுபது சதவீதத்துக்கு மேல் அகலப்பட்டைப் பிரிவிலிருந்து வந்தது. வீடியோ மிச்சம்தான். அந்த அகலப்பட்டையிலும் கொம்காஸ்ட், சார்ட்டர் என்ற இரண்டு அமெரிக்கக் கேபிள் இராட்சதர்களின் முடிவே எல்லாம். அவர்கள் கேபிள் வழி இணையத்துக்கான புதிய தரமான டொக்சிஸ் 4.0 கருவிகளுக்கு மாறுவதைத் தள்ளிப்போட்டதும் 2025 தொடக்கத்தில் பங்கு சறுக்கியது. இதை வாங்குபவர் வாங்குவது அமெரிக்கக் கேபிள் கம்பனிகளின் செலவுத் திட்டத்தை. அதைப் பற்றி உங்களுக்குத் தனியாக ஒரு கருத்து இருந்தால் வாங்குங்கள். வீடியோ என்று நினைத்து வாங்க வேண்டாம்.

டயலொக் ஏன் இந்தப் பட்டியலில்? நம் நாட்டில் காசு கட்டிப் பார்க்கும் தொலைக்காட்சியில் டயலொக் டிவியும் எஸ்எல்டி-மொபிடெல்லின் பியோ டிவியும்தான் பெரியவை. இரண்டின் தாய்க் கம்பனியும் கொழும்புப் பங்குச் சந்தையில் உள்ளன. ஒழுங்காகச் சொன்னால் டயலொக் ஒரு சிறிய கம்பனியும் அல்ல, வீடியோக் கம்பனியும் அல்ல. கைத்தொலைபேசிச் சேவைதான் அதன் உயிர். ஆனாலும் கொழும்பில் இருப்பவருக்கு வீடியோவைச் சுமந்து செல்லும் தொழிலில் எளிதாகப் பங்கு எடுக்கக் கிடைப்பது இதுதான். பங்குகளை வைத்திருக்க ஒரு சிடிஎஸ் கணக்கு, ஒரு தரகர், கைத்தொலைபேசியில் ஒரு செயலி, முடிந்தது. வாங்கும்போது 1.12 சதவீதம், விற்கும்போது 1.12 சதவீதம் கட்டணம். பங்கிலாபம் கொடுக்கிறது. எயார்டெல் லங்கா 2024 ஜூனில் இதனோடு சேர்ந்தது, அதனால் சந்தையில் ஒரு போட்டியாளர் குறைந்தார். மறுபக்கம் 2025 ஜூலையில் செய்மதி வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க் வந்திருக்கிறது. அதன் விலையைப் பார்த்தால் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருப்பவர் மாறப்போவதில்லை, தோட்டப்பக்கம், வன்னிப் பக்கம் இருப்பவர்கள் மாறலாம்.

என் அளவுகோலை இங்கே போட்டால் விடை வேறாக வரும். டயலொக்கில் எழுபது சதவீதத்துக்கு மேல் மலேசியாவின் ஆசிஆட்டாவிடம் உள்ளது. வெளியிலிருந்து யாரும் வந்து முழுக் கம்பனியை வாங்கப் போவதில்லை. ஆகவே உங்களுக்கு வரவேண்டிய பலன் பங்கிலாபத்தில்தான் வர வேண்டும், வேறு வழியில்லை. இன்னொன்று ரூபாய். டயலொக் 2005 இல் 12 ரூபாவுக்குப் பட்டியலானது. 2024 இன் பெரும்பகுதியில் அதன் விலை அதற்குக் கீழேதான் இருந்தது. 2005 இல் ஒரு டொலர் 100 ரூபா, 2024 இல் 300 ரூபா. பத்தொன்பது வருடம் பங்கை வைத்திருந்தவருக்கு, பங்கிலாபத்தை விட்டுப் பார்த்தால், டொலர் கணக்கில் மூன்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கம்பனி கெட்டது என்று அர்த்தம் இல்லை; நாடு பட்ட பாடு அது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஆனதையும், அந்த ஏப்ரலில் பங்குச் சந்தையை ஒரு வாரம் பூட்டியதையும் கொழும்பில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ரூபாயில் சம்பாதித்து ரூபாயில் செலவழிப்பவருக்கு டயலொக் நியாயமான தெரிவு. கையில் டொலர் இருப்பவர் அதை ரூபாயாக்கி இதில் போடுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

வாங்குவது என்று முடிவெடுத்தாலும் கொழும்பிலிருந்து நாஸ்டாக்குக்குப் போகும் வழி நேரானதல்ல. 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் இங்கே வசிப்பவர் வெளிநாட்டில் முதலீடு செய்வதற்கு வெளிமுக முதலீட்டுக் கணக்கு என்று ஒன்று உண்டு. 2020 இலிருந்து அதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. அவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டளையாக வெளியாகி மாறிக்கொண்டே போனவை. உங்கள் வங்கியின் வெளிநாட்டுச் செலாவணிப் பிரிவில் அன்றைய நிலையைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. கிரெடிட் கார்டால் ஏதோ ஒரு செயலியில் டொலரை ஏற்றிப் பங்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அட்டைக்குக் கொடுத்த அனுமதி பொருளும் சேவையும் வாங்க, முதலீட்டுக்கு அல்ல. இலாபம் வந்த பிறகு அதை நாட்டுக்குள் கொண்டுவரும்போதுதான் சிக்கல் தொடங்கும்.

வரியில் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கரல்லாத ஒருவர் இறக்கும்போது அவர் பெயரில் அமெரிக்கப் பங்குகள் 60,000 டொலருக்கு மேல் இருந்தால் அமெரிக்க மரண சொத்துவரி வரும். ஐயாயிரத்துக்கு இது பிரச்சினை இல்லை. தொகை வளர்ந்தால் நினைவில் வைக்க வேண்டும். கணக்குத் திறக்கும்போது, நீங்கள் அமெரிக்கர் அல்ல என்று அறிவிக்கும் டபிள்யூ-8பென் படிவம் கேட்பார்கள், மறக்காமல் நிரப்புங்கள். கல்ட்டூரா பங்கிலாபம் கொடுப்பதில்லை என்பதால் பங்கிலாபத்தில் பிடிக்கும் வரி இங்கே எழாது.

மருமகனுக்கு நான் சொன்னது இதுதான். ஐயாயிரத்தில் நாலாயிரத்தை வங்கியில் டொலர் வைப்பிலேயே விடு. மிச்சம் ஆயிரத்தைக் கல்ட்டூராவுக்கு ஒதுக்கு, ஆனால் 1.40 க்கு மேல் வாங்காதே. இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று சொல்லும் லிமிட் ஓடர் போடு, சந்தை விலைக்கு என்று போடாதே. சின்னப் பங்கில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி பெரிது. நாஸ்டாக் நம் நேரத்துக்குக் கோடையில் இரவு ஏழு மணிக்கும் குளிர்காலத்தில் எட்டு மணிக்கும் திறக்கும். திறந்த முதல் அரை மணித்தியாலத்தில் விலை தாறுமாறாக ஆடும், அந்த நேரம் கை வைக்காதே. அந்த விலைக்கு ஒருநாளும் வராவிட்டால் ஆயிரமும் வைப்பிலேயே இருக்கட்டும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

"வாங்கின பிறகு எப்ப விக்கிறது மாமா?" என்று கேட்டான். இரண்டு காலாண்டு தொடர்ந்து சந்தா வருமானம் குறைந்தால், அல்லது காசுப் பாய்ச்சல் மீண்டும் எதிர்ப் பக்கம் போனால், நட்டமோ இலாபமோ விற்றுவிட வேண்டும். அமெரிக்கப் பங்கு ஆணைக்குழுவின் எட்கார் தளத்தில் எல்லா அறிக்கையும் இலவசம். கம்பனியின் உள்ளாட்கள் பங்கு வாங்கினாலும் விற்றாலும் இரண்டு வேலை நாளுக்குள் அதை அறிவிக்கும் படிவம் 4 அங்கே வந்துவிடும். நிர்வாகிகள் தங்கள் சொந்தக் காசில் வாங்குகிறார்களா என்று பார்ப்பது நல்ல பழக்கம். விற்பதற்கு வீடு, கலியாணம், வரி என்று ஆயிரம் காரணம் இருக்கும், வாங்குவதற்கு ஒரு காரணம்தான். விலை 3 டொலரைத் தாண்டியும் யாரும் வாங்க வந்ததாகச் செய்தி இல்லையென்றால் பாதியை விற்றுவிடலாம். யாராவது விலை பேசி வந்தால் முழுவதையும் கொடுத்துவிட வேண்டும்; இன்னும் ஏறும் என்று காத்திருப்பதில் கிடைக்கக்கூடியது சில சதம், ஒப்பந்தம் முறிந்தால் போவது பாதி விலை.